கிள்ளான் துறைமுகத்தின் பெயர் தாங்கிய டிராகன்கள்

2016 மார்ச் மாதம், கிள்ளான் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து கொள்கலன் இறக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் பொறித்துக்கொண்டு, ஒரு கூடைப்பந்துக் குழு தென்கிழக்காசியாவின் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கியது. எதிரே நின்றது சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ். ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்று கடைசி ஆட்டம் வரை இழுத்தடித்து, மூன்றுக்கு இரண்டு என்று முடிந்தது. வென்ற குழுவின் முழுப்பெயர் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ். ஆசியான் கூடைப்பந்து லீக்கின் கிண்ணம் அதற்கு முன் மலேசியாவுக்கு வந்ததில்லை. அதற்குப் பின்னும் வரவில்லை.

இந்தச் செய்தி நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? லிவர்பூலின் பதினொரு பேரையும் மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடைகளில் இரவு இரண்டு மணிக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் டிராகன்ஸ் பெயரைச் சொன்னால் வேறு ஏதோ நாட்டுக் கதை கேட்பதுபோல் பார்ப்பார்கள். அந்தக் குழு ஆடிய மாபா விளையாட்டரங்கமோ அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். கேஎல் சென்ட்ரலில் மோனோரயில் ஏறினால் துன் சம்பந்தன் நிலையம், அடுத்தது மகாராஜாலேலா. அங்கே இறங்கி ஜாலான் ஹங் ஜெபாட் பக்கம் நடந்தால் அரங்கம் வந்துவிடும். இன்று மெர்டேக்கா 118 கோபுரம் நிமிர்ந்து நிற்கிற அதே வட்டாரம்.

டிராகன்ஸின் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம், அதில் நமக்கும் பங்கிருக்கிறது என்பதுதான். அந்தக் குழுவின் சட்டையில் இருந்த நிறுவனத்தைக் கட்டியவர் ஒரு தமிழர். அந்தச் சட்டையைப் போட்டு ஆடியவர்களில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் அந்த ஆட்டம் நம் வீட்டு வாசலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஆறு குழுக்களோடு தொடங்கிய லீக்

2009இல் ஏர் ஏசியாவின் டோனி பெர்னாண்டஸ் முன்னின்று ஆசியான் கூடைப்பந்து லீக்கைத் தொடங்கியபோது ஆறு குழுக்கள் சேர்ந்தன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, புருணை ஆகியவற்றோடு ஆறாவதாக வந்தது கோலாலம்பூர் டிராகன்ஸ். தென்கிழக்காசியாவில் நாடு விட்டு நாடு போய் ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் என்பது அப்போது புதிய எண்ணம். மலிவுக் கட்டண விமானம் பெருகிய காலம் அது. மணிலாவில் சனிக்கிழமை ஆடிவிட்டு அடுத்த வாரம் ஜகார்த்தாவில் ஆடுவதற்குச் செலவு கட்டுப்படியாகும் என்று வந்த பிறகுதான் இப்படி ஒரு லீக்கை யோசிக்கவே முடிந்தது.

லீக்கின் விதிகளில் முக்கியமானது வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பற்றியது. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து ஓரிருவர், அண்டை ஆசியான் நாடுகளிலிருந்து சிலர், மீதி உள்ளூர்க்காரர்கள். இந்த ஏற்பாட்டால் ஆட்டத்தின் தரம் சட்டென்று உயர்ந்தது. உள்ளூர் ஆட்டக்காரருக்குப் பாரமும் கூடியது. அதுவரை மாநிலப் போட்டிகளில் தன்னைவிட ஒரு சாண் உயரமானவரைத் தடுத்துப் பழகியவர், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடிப் பழுத்தவர்களின் முழங்கைக்குக் கீழே நிற்க வேண்டியதாயிற்று.

முதல் கிண்ணம் பிலிப்பைன்ஸுக்குப் போனது. அதில் யாருக்கும் வியப்பில்லை. தெருவுக்குத் தெரு கூடை மாட்டிய நாடு அது. டிராகன்ஸ் அந்த ஆண்டுகளில் நடுவாந்தரக் குழுதான். தொடக்க காலப் பயிற்றுநர் கோ செங் ஹுவாட். ஆட்டக்காரர் பட்டியலில் பெரும்பாலும் சீனப் பெயர்கள். அந்தப் பட்டியலில் கண்ணை நிறுத்தும் இரண்டு பெயர்கள் உண்டு: பத்துமலை குகனேஸ்வரன், குப்புசாமி சத்தியசீலன்.

இரண்டு பெயர்கள்

இவர்கள் இருவரும் டிராகன்ஸுக்கு ஆடினார்கள், நாட்டுக்கும் ஆடினார்கள். குகா என்றால் மலேசியக் கூடைப்பந்து ரசிகர்களுக்குத் தெரியும். சீன ரசிகர்கள் நிறைந்த அரங்கில் முருகன் மலையின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவதைக் கேட்ட தமிழர்கள் மிகச் சிலர். கேட்டவர்களுக்கு அது மறக்காது.

இந்த இரண்டு பெயர்களின் கனம் புரிய வேண்டுமானால் மற்ற விளையாட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் மா. ஜெகதீசன். காற்பந்தில் கோல்காவலர் ஆறுமுகம், அவர் நின்ற குழு 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் நாடு புறக்கணித்ததால் போக முடியாமல் போனது. ஹாக்கியில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள். ஸ்குவாஷில் நிக்கோல் டேவிட், இப்போது சிவசங்கரி. நாட்டின் மக்கள்தொகையில் நம் பங்கு ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் களத்தில் நம் பெயர் அந்த விகிதத்தைத் தாண்டியே ஒலித்து வந்திருக்கிறது. கூடைப்பந்துக்கு வந்தால் மட்டும் விரல்விட்டு எண்ணி முடித்துவிடலாம்.

உயரம் இல்லை, ஆர்வம் இல்லை என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. இரண்டும் தவறு. காரணம் தரையில் இருக்கிறது. இரண்டு சமூகங்கள் குடியிருந்த மண்ணின் வரலாற்றில் இருக்கிறது.

சிமெண்டுத் தளமும் புல்தரையும்

அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி பிரிட்டிஷ் ஆட்சி சுமார் ஐந்து லட்சம் பேரைக் காட்டோரத்திலிருந்து பெயர்த்து முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றியது. அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் சீனர்கள். நெருக்கமான வீடுகள், நடுவே சீனப்பள்ளி, பள்ளியோடு ஒரு சிமெண்டுத் தளம். காற்பந்துத் திடலுக்கு இடம் போதாத அந்தக் கிராமங்களுக்குக் கூடைப்பந்து கச்சிதமாகப் பொருந்தியது. இருபத்தெட்டு மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் அகலமும் கிடைத்தால் போதும், பத்துப் பேர் ஆடலாம். மாலையில் ஊரே சுற்றி நின்று பார்க்கலாம். சங்கங்களும் கடைக்காரர்களும் பணம் போட்டார்கள். பள்ளியில் ஆடியவர் ஊர்க் குழுவுக்கும், ஊர்க் குழுவிலிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து அகோங் கிண்ணப் போட்டிக்கும் போனார்.

தோட்டத் தொழிலாளர்களான நம் முன்னோரையும் அதே காலத்தில் வேலிக்குள் தொகுத்தார்கள். ஆனால் தோட்டத்தில் இருந்தது பாடாங். மழை பெய்தால் சேறாகும், வெயில் அடித்தால் வெடிக்கும் புல்தரை. அங்கே பந்தைக் காலால்தான் உதைக்க முடியும், தட்டித் தட்டி ஓட்ட முடியாது. தோட்டத்துக்கு ஒரு காற்பந்துக் குழு முளைத்தது இப்படித்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் பூச்சோங்குக்கும் வந்து அடுக்குமாடிகளில் ஏறியபோது அந்தப் பாடாங்கும் போயிற்று. அதற்கு ஈடாக வேறு எதுவும் கையில் கொடுக்கப்படவில்லை.

சீனச் சமூகம் கட்டிய அந்த அடித்தளத்தின் பலனை நாடு அனுபவித்தது. தென்கிழக்காசியப் போட்டியில் பிலிப்பைன்ஸிடமிருந்து ஆண்கள் கூடைப்பந்துத் தங்கத்தைப் பறிப்பது எவ்வளவு அரிது என்பது அந்த விளையாட்டைப் பின்பற்றுபவர்களுக்குத் தெரியும். மலேசியா அதை இரண்டு முறை செய்தது, 1979இல் ஒன்று, 1989இல் சொந்த மண்ணான கோலாலம்பூரில் இன்னொன்று. ஆசியக் கூடைப்பந்து வெற்றியாளர் போட்டியையும் இந்த நகரம் 1977இலும் 1985ஆம் ஆண்டின் இறுதியிலும் ஏற்று நடத்தியது.

இத்தனைக்கும் இந்த விளையாட்டு நமக்கு அந்நியமாக வந்ததும் அல்ல. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நேஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாட்டி உருவாக்கிய ஆட்டம், ஒய்எம்சிஏ போன இடமெல்லாம் கூடவே போனது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியின் வழியே தமிழ்நாட்டில் வேர் பிடித்தது. கோலாலம்பூர் ஒய்எம்சிஏ இருப்பதோ பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் பாடாங் பெலியாவில், நம் குட்டி இந்தியாவுக்கு நடுவில். பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனார்கள்.

புலாவ் இண்டாவிலிருந்து வந்த பலம்

டிராகன்ஸின் சட்டைக்கு வந்த வெஸ்ட்போர்ட்ஸ் பெயருக்குப் பின்னாலும் ஒரு நீண்ட கதை உண்டு. டான் ஸ்ரீ ஜி. ஞானலிங்கம் சிகரெட் நிறுவனம் ஒன்றின் சந்தைப்படுத்தும் துறையில் பணியாற்றியவர். கப்பல் துறையில் முன் அனுபவம் இல்லாதவர். 1990களின் நடுவில், கிள்ளான் துறைமுகத்தின் மேற்கு முனையங்கள் தனியார்மயமானபோது அவற்றை எடுத்து நடத்தும் பொறுப்பை ஏற்றார். புலாவ் இண்டா அன்று சதுப்புநிலக் காடு. இன்று அந்த முனையம் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாள்கிறது. 2023 ஜூலையில் அவர் மறைந்தபோது தமிழ் உலகம் ஒரு பெரிய தொழிலதிபரை இழந்தது.

நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அவருடைய மகன் ரூபன் ஞானலிங்கம் விளையாட்டில் பணம் போடத் தயங்காதவர். லண்டனின் கியூபிஆர் காற்பந்துக் கழகத்தில் டோனி பெர்னாண்டஸோடு பங்குதாரர் ஆனார். லாஸ் ஏஞ்சலிஸ் எஃப்சி கழகம் உருவானபோது அதன் தொடக்க முதலீட்டாளர்களில் ஒருவராகவும் இருந்தார். லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் போன அந்த ஆர்வத்தில் ஒரு பங்கு உள்ளூர்க் கூடைப்பந்துக்கும் வந்தது. வெஸ்ட்போர்ட்ஸ் பெயர் டிராகன்ஸோடு இணைந்த பிறகு குழுவுக்கு நல்ல ஆட்களைத் தேடிப் பிடிக்கும் பலம் கிடைத்தது.

என் பார்வையில், ஒரு தமிழ்த் தொழிலதிபர் குடும்பம் சீனச் சமூகத்தின் விளையாட்டுக்குத் தோள்கொடுத்தது இந்த நாட்டின் நல்ல பக்கங்களில் ஒன்று. பிலிப்பினோ பயிற்றுநர், சீன ஆட்டக்காரர்கள், தமிழர் கட்டிய நிறுவனம், அமெரிக்க நெட்டையர்கள். நாடாளுமன்றத்தில் மேசை தட்டிப் பேசும் ஒற்றுமையைவிட இது உருப்படியானது.

மாஸ்கோவிலிருந்து மாபா அரங்கம் வரை

குழுவின் திருப்பம் பயிற்றுநர் ஏரியல் வங்கார்டியாவோடு வந்தது. மணிலாவில் தொழில் கற்றவர். 2014இல் குழுவை இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார். அங்கே பாங்காக்கின் ஹைடெக் குழுவிடம் கிண்ணம் நழுவியது. அந்த ஆண்டு டிராகன்ஸுக்கு ஆடிய மோலா டவுடுவா, டோங்கா வம்சாவளித் தந்தைக்கும் பிலிப்பினோத் தாய்க்கும் பிறந்த மலை போன்ற மனிதர், மறுவருடமே பிலிப்பைன்ஸ் தொழில்முறை லீக்கின் ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். கோலாலம்பூரில் ஆடுவது அடுத்த படிக்கு ஏணி என்று வட்டாரம் முழுக்கத் தெரிந்துபோனது அப்போதுதான்.

அந்த ஏணியில் கால் வைக்க 2015இல் இருவர் வந்தார்கள். ஒருவர் டொரோண்டோவில் வளர்ந்த மேத்யூ ரைட், தூரத்திலிருந்து எய்வதில் கெட்டிக்காரர். இன்னொருவர் ஜேசன் பிரிக்மன். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆள் இவர்தான்.

டெக்சஸின் சான் அந்தோனியோவில் பிறந்தவர். தாய் பிலிப்பினோ. உயரம் ஆறடியை ஒட்டியதுதான், கூடைப்பந்தில் அது குள்ளம். ஆனால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்தட்டில் சக ஆட்டக்காரர்கள் புள்ளி எடுக்க ஆயிரம் முறைக்கு மேல் பந்து கொடுத்தவர்கள் அதுவரை மூன்றே பேர், நான்காவது இவர். லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1,009 உதவிகளோடு முடித்தார். அவ்வளவு சாதித்தும் என்பிஏ கதவு திறக்கவில்லை. 2014இல் ரஷ்யாவுக்குப் போய் மாஸ்கோ டைனமோவில் சேர்ந்தார்.

டைனமோ என்பது சாதாரணப் பெயரல்ல. 1923இல் பிறந்த விளையாட்டுச் சங்கத்தின் கூடைப்பந்துக் குழு, 2006இல் ஐரோப்பாவின் யூலெப் கிண்ணத்தை வென்றது. அதன் பிறகு பணத்தட்டுப்பாட்டில் சரிந்து, பிரிக்மன் போய்ச் சேர்ந்தபோது ரஷ்யாவின் இரண்டாம் தரப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஜெர்மனி, அங்கிருந்து கோலாலம்பூர்.

அவர் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. நடுக்கோட்டருகே பந்தை இடது கையால் தாழ்வாகத் தட்டிக்கொண்டு வருவார், அவசரமே இல்லாத நடை. ரெஜி ஜான்சன் என்ற பெருத்த உடம்புக்காரர், மியாமி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய மையக்காரர், கூடைக்கு அடியிலிருந்து மேலே ஏறிவந்து பிரிக்மனைத் தடுத்து நிற்பவரின் தோளருகே சுவர்போல் நிற்பார். பிரிக்மன் அந்தச் சுவரை உரசிக்கொண்டு வலப்பக்கம் திரும்புவார். தடுப்பவர் ஜான்சனில் மோதி அரை விநாடி தடுமாறுவார். ஜான்சனைக் காவல் காத்தவர் இப்போது யாரைத் தடுப்பது என்று தயங்குவார், பிரிக்மன் கூடைக்குப் பாய்கிறாரே! அந்தத் தயக்கத்துக்காகவே காத்திருந்ததுபோல், கண்ணை மூலையில் நிற்கும் ரைட் பக்கம் வைத்துக்கொண்டு, பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டி ஜான்சனின் கைக்கு அனுப்புவார். ஜான்சன் திரும்பிப் போடுவார், இரண்டு புள்ளி. அடுத்த முறை எதிரணி ஜான்சனை இறுக்கிப் பிடித்தால் பந்து உண்மையிலேயே ரைட்டுக்குப் போகும், மூன்று புள்ளி. ஐந்து பேரை ஒரே கண்ணில் வைத்திருக்கும் அந்தத் திறமையை எந்தப் பயிற்றுநரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியாது.

உள்ளூர் ஆட்டக்காரர்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. குவெக் தியான் யுவான், ஊய் பான் சின், லோ ஷீ ஃபாய் போன்றவர்கள் இந்தக் குழுவின் சட்டை போட்டு வளர்ந்தவர்கள். புள்ளிப்பட்டியலில் இவர்கள் பெயருக்கு நேரே சிறிய எண்கள்தான் இருக்கும். எதிரணியின் சிறந்த எய்வாளரை நாற்பது நிமிடம் நிழல்போல் தொடர்வது, தன்னைவிடக் கனத்தவரைப் பந்துக்கு முந்தவிடாமல் இடுப்பால் அணைகட்டுவது, விழுந்த பந்தின்மேல் பாய்வது ஆகியவை அந்த எண்களில் ஏறாது. இவர்களுக்கு முன்னால் குகனேஸ்வரனும் சத்தியசீலனும் செய்ததும் இந்த வேலையைத்தான். கிண்ணத்தின் பாதி இவர்களுடையது என்பேன்.

கிண்ணத்துக்குப் பிறகு

வென்ற குழு அப்படியே கலைந்தது. வங்கார்டியா அதே 2016இல் பிலிப்பைன்ஸின் பீனிக்ஸ் குழுவுக்குப் பயிற்றுநராகப் போனார். ரைட்டும் அந்த ஆண்டே அதே குழுவில் போய்ச் சேர்ந்தார். பிரிக்மன் பிறகு தாய்லாந்து, தைவான் என்று ஆடினார். டிராகன்ஸ் தொடர்ந்து ஆடியது, ஆனால் கிண்ணத்தின் அருகே மறுபடி போகவில்லை. 2019-20 பருவத்தில் பழைய பெயரான கோலாலம்பூர் டிராகன்ஸ் என்றே களமிறங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து லீக்கை நிறுத்தியது, அந்தப் பருவம் வெற்றியாளர் இல்லாமலே ரத்தானது. 2023இல் லீக் மீண்டும் கூடியபோது மலேசியாவுக்காக வந்தது நெகிரி செம்பிலானின் என்எஸ் மேட்ரிக்ஸ். டிராகன்ஸ் வரவில்லை.

ஒரு குழு நிலைக்க என்ன வேண்டும் என்பதற்கு ஓர் ஒப்பீடு. டிராகன்ஸ் கிண்ணம் வென்ற அதே 2016இல், மே மாதம், பெர்லினில் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ குழு ஐரோப்பிய லீக்கை வென்றது. துருக்கியின் பெனர்பாச்சேயைக் கூடுதல் நேரத்தில் 101-96 என்று சாய்த்தது. சிஎஸ்கேஏ 1923இல் செம்படையின் விளையாட்டுச் சங்கமாகத் தொடங்கியது. 1960களில் மூன்று, 1971இல் ஒன்று, 2006, 2008, 2016, 2019 என்று எட்டு முறை ஐரோப்பிய வெற்றியாளர். சோவியத் ஆட்சி விழுந்தது, பணம் தந்தவர்கள் மாறினார்கள், 2022இல் உக்ரைன் போரால் ஐரோப்பிய லீக்கிலிருந்து இடைநீக்கம் ஆனது. இன்றும் சொந்த நாட்டு லீக்கில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. காரணம், அதன் கீழே சிறுவர் பள்ளி இருக்கிறது, பத்து வயதுப் பையனைப் பிடித்து வந்து பத்து வருடம் பழக்கும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நட்சத்திரங்கள் போனாலும் கீழிருந்து ஆள் ஏறி வருகிறான்.

டைனமோவின் கதை மறுபக்கம். பணம் வற்றியதும் கிண்ணம் வென்ற குழு சில ஆண்டுகளில் இரண்டாம் தரத்துக்கு இறங்கிவிட்டது.

டிராகன்ஸின் தலைவிதி டைனமோவுக்கு நெருக்கமானது. நட்சத்திரங்களை விலைக்கு வாங்கிக் கிண்ணம் வெல்லலாம், அதை டிராகன்ஸ் அழகாகச் செய்துகாட்டியது. ஆனால் அந்தக் குழுவுக்குச் சொந்தமாக ஒரு வட்டாரம் இருக்கவில்லை. கிள்ளான்காரர்கள் இது எங்கள் குழு என்று சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பெட்டாலிங் ஜெயா பள்ளிகளில் அதன் பெயரில் சிறுவர் அணி ஓடவில்லை. பெயரில்தான் கிள்ளான் துறைமுகம் இருந்தது. ரயிலேறிக் கோலாலம்பூர் போகும் தூரத்தில் மாபா அரங்கம் இருந்தும், துறைமுகத் தொழிலாளியின் மகன் அங்கே போகவில்லை. அவனை யாரும் கூப்பிடவும் இல்லை. இதில் குழுவை நடத்தியவர்களின் தவறும் உண்டு, எட்டிப் பார்க்காத நம் தவறும் உண்டு. குகனேஸ்வரன் ஆடிய நாட்களில் நம் பள்ளிகளும் சங்கங்களும் இரண்டு பேருந்து பிடித்துப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தால், இன்று அந்த இருவரின் பெயருக்குக் கீழே மூன்றாவது, நான்காவது பெயரை எழுதியிருக்கலாம்.

வேலிக்கு வெளியே நின்ற பையன்

கிள்ளானின் ஒரு தாமானில் மாலை ஆறு மணிக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். சிமெண்டுத் தளம், துருப்பிடித்த வளையம், வலைக்குப் பதில் சங்கிலி. ஒரு சீனப் பெரியவர் கழுத்தில் ஊதலோடு ஏழெட்டுச் சிறுவர்களை ஓட வைத்துக்கொண்டிருந்தார். பந்தைப் பார்க்காமல் தட்டு, தலையைத் தூக்கு என்பதுதான் அன்றைய பாடம் முழுக்க. வேலிக்கு வெளியே புத்தகப்பையோடு நின்ற ஒரு தமிழ்ப் பையன், பத்து வயதிருக்கும், வெளியே உருண்டு வந்த பந்தை எடுத்து, திருப்பிக் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை தரையில் தட்டினான். இரண்டு முறையும் பந்து அவன் உள்ளங்கைக்கே திரும்பி வந்தது. பெரியவர் அதைக் கவனித்து, உள்ளே வா என்று மலாயில் கூப்பிட்டார். பையன் பின்னால் திரும்பித் தாயைப் பார்த்தான். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது, போக வேண்டும் என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதும் தவறில்லை. அந்தப் பையனின் பள்ளியிலேயே ஒரு வளையம் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

இந்த நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெரிய திடல் இல்லாத நகர்ப்புறப் பள்ளிகள் பல. காற்பந்துக்கு இடமில்லை என்று கைவிரிப்பவர்கள் கூடைப்பந்துக்கு அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. மூவர் ஆடும் அரைத்தள ஆட்டம் தோக்கியோ முதல் ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது, அதற்குப் பதினைந்துக்குப் பதினொரு மீட்டர் போதும். காலையில் சபைக்கூடல் நடக்கும் அதே சிமெண்டுத் தளத்தில் மாலையில் ஆடலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வளையத்தின் உயரம் 2.60 மீட்டர், பந்து ஐந்தாம் அளவு. பெரியவர்களின் 3.05 மீட்டர் வளையத்தில் எட்டாமல் சலித்துப்போகும் பிள்ளை இந்த உயரத்தில் முதல் வாரமே பந்தை உள்ளே போடும். பெண் பிள்ளைகளும் அதே தளத்தில் ஆடலாம்.

ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளை, அங்கே பள்ளிக் கூடைப்பந்துக் குழுவுக்கு ஆள் எடுக்கும் நாளில், சீனப்பள்ளியில் ஆறு வருடம் ஆடிவிட்டு வந்தவனோடு நிற்க வேண்டியிருக்கிறது. ஒருவன் பந்தைப் பார்க்காமல் தட்டுகிறான், இன்னொருவன் பந்தை முதன்முதலாகக் கையில் பிடிக்கிறான். ஆசிரியர் யாரை எடுப்பார்? அங்கே இனப்பாகுபாடு தேடுவது வீண். ஆறு வருடப் பயிற்சியை நாம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்துச் சீனப்பள்ளியின் பயிற்றுநரை வாரம் ஒரு மாலை வரச்சொல்லிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு என்றே நம்புகிறேன். ஊதல் வைத்திருந்த அந்தப் பெரியவரை யாரும் கேட்கவில்லை, அவராகவே கூப்பிட்டார்.

ஆகவே கோயில் தலைவர்களுக்கும், பள்ளி மேலாளர் வாரியங்களுக்கும், குறிப்பாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு வரியாகச் சேருங்கள்: இரண்டு வளையம், பத்துப் பந்து, ஒரு பயிற்றுநர். ஆண்டு விழா மேடைக்கும் பந்தலுக்கும் நாம் போடும் செலவுக்கு முன்னால் இது பெரிய தொகை இல்லை. தீர்மானம் போட்டுவிட்டுப் பணத்துக்குத் தயங்கினால், கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்த் தொழிலதிபர்களின் கதவைத் தட்டுங்கள். கூடைப்பந்துக்குப் பணம் தருவது அவர்களுக்குப் புதிதல்ல.